சுனைக்காட்டில் கொட்டிய கூடைகள்

விழித்ததும் பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினேன். கிணற்றில் ஒரு வாளி இறைத்தேன். தவலையின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துப் போட்டுத் தண்ணீரை வடிகட்டினேன். துணியைத் திருப்பி வாளியில் அலசினேன். அலசிய தண்ணீரை வாளியோடு கிணற்றுக்குள் இறக்கி, மட்டம் தொட்டதும் கவிழ்த்துவிட்டு மேலே இழுத்தேன். துணியைக் கொடியில் போட்டேன். அடுப்பு மூட்டிக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினேன். நின்றபடி குடித்தேன். ஒரு பாத்திரம், ஒரு கிண்ணம். கழுவிக் கவிழ்த்தேன்.

தை மாதத்திலிருந்து காலை இப்படித்தான். என் மனைவி ராஜமதி தையில் இறந்தாள். டைபாய்டு.

நாங்கள் சமணர்; வடிகட்டும் துணியில் தங்கும் சிற்றுயிரையும் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். செஞ்சிக்கும் மேல்சித்தாமூருக்கும் நடுவில் எங்கள் ஊர். நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போடாமல் நைனாவின் நிலத்துக்குத் திரும்பியவன். அப்பாவை நைனா என்போம். அவரும் போய்விட்டார். தரணேந்திரன் என்ற பெயர் சர்ட்டிபிகேட்டில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு நான் சின்ன நயினார்.

நிலம் இப்படி. நடுவில் சுனைக்காடு. பாறைக் குன்றின் அடியில் காரையும் களாவும் எருக்கும் மண்டிக் கிடக்கும் இடம். அதன் குழிவில், பாறை இடுக்கிலிருந்து ஊறும் சுனை. காட்டில் பெய்கிற மழை மண்ணில் இறங்கி அதில்தான் வந்து சேரும். கோடையில் கிணறுகள் உப்புக் கரிக்கும்போது எல்லாத் தெருவும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். காடு என் பட்டா. சுனை ஊருடையது. காட்டுக்கு மேற்கே என் மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காட்டுக்குக் கிழக்கே வண்டித்தடம். தடத்தைத் தாண்டினால் ஹுசைன் பாயின் மல்லாட்டை, அதை ஒட்டிப் பச்சமுத்து அண்ணனுடையது, அப்படியே ஊர் நிலம் முழுவதும். அறுபத்தாறாம் வருஷத்து ஆடி அது. நல்ல மழை. எல்லா நிலமும் மஞ்சள் பூ வைத்திருந்தது.

கிண்ணத்தைக் கவிழ்த்த கை இன்னும் காயவில்லை. வாசலில் ஹுசைன் பாயின் குரல் கேட்டது.

"நயினாரே! வாங்க வெளிய! உங்க விருந்தாளிங்க கெளம்பிட்டாங்க!"

தொழுகை முடித்து நேராக ஓடி வந்திருந்தார். தொப்பி கையில் இருந்தது. கைலியை முழங்காலுக்கு மேல் கட்டியிருந்தார்.

"யாரு பாய்?"

"வந்து பாருங்க. சொன்னா நம்ப மாட்டீங்க. எனக்கே நம்பிக்கை இல்ல."

ஓடினோம். கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை. வண்டித்தடத்தை எட்டியதும் பாய் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

காட்டோரத்துப் புல் அசைந்துகொண்டிருந்தது. காற்று இல்லை. செம்பழுப்பாக, மயிர் சிலிர்த்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கம்பளிப்புழு வந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் அதுதான். தவிட்டைச் சல்லடையில் போட்டு மெல்ல ஆட்டுவதுபோல் ஒரு சத்தம். முன்வரிசை தடத்தின் புழுதியை எட்டியிருந்தது. பின்னால் சுனைக்காடு எலும்பாக நின்றது. களாவில் முள் மட்டும். எருக்கில் தண்டு மட்டும்.

"ஒரு கூப்பிடு தூரத்துல எம் பயிர்," என்றார் பாய். "மத்தியானத்துக்குள்ள ஏறிடும். ஏறுச்சின்னா நாளைக்கி நானும் இந்தக் களாச்செடி மாரிதான் நிப்பேன்."

புழு எப்படிக் காட்டுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். நான்தான் அனுப்பினேன்.

ஆனி மழைக்குப் பிறகு முதலில் கண்டது என் நிலத்தில். சின்னப் புழு. இலையின் அடியில் கூட்டமாக இருக்கும். மற்றவர்கள் பொறுக்கிக் குழியில் போட்டு மூடுவார்கள், இல்லை மண்ணெண்ணெய்த் தண்ணீரில் போடுவார்கள். எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை. நைனா காலத்தில் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார், கூலியாட்கள் செய்துவிடுவார்கள். எனக்கு வேறு பக்கம் பார்க்கவும் தோன்றவில்லை. கூடைகளில் பொறுக்கச் சொன்னேன். சுனைக்காட்டில் கொட்டச் சொன்னேன். அங்கே எருக்கு இருக்கிறது, தின்றுகொண்டு கிடக்கட்டும் என்றேன்.

வேலைக்கு வந்த ராஜாம்பாள் அன்றைக்கே கேட்டாள். "இன்னா நயினாரே, பொண்ணை மாமியா வூட்டுக்கு அனுப்பற மாரி அனுப்பறீங்க? சீர்வரிசை ஒண்ணும் கெடையாதா?"

நான் அடுத்த கூடையை நகர்த்தினேன். கொட்டிய இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. தையிலிருந்து சுனைப் பக்கமே நான் போவதில்லை.

பச்சமுத்து அண்ணன் வந்து சேர்ந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். ஒருவர் கையில் மண்ணெண்ணெய் டின். ஐம்பது வயதிலும் அண்ணனுக்குக் குரல் மட்டும் எருமைக் கடா. அந்தக் குரலில் என்னைத் திட்டாமல் புழுவைத் திட்டினார். அது எனக்கு மேலும் கஷ்டமாக இருந்தது.

"பாருய்யா, பாருய்யா. ஊர்வலம் மாரி வருது. கொடி ஒண்ணுதான் கொறைச்சல்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உம்மேல எனக்குக் கோவம் இல்ல. பொண்டாட்டி செத்தவன், புத்தி எங்கயோ இருக்கும். ஆனா காட்ட வுட முடியாது. கொளுத்திட்டு உழுதுட வேண்டியதுதான். இந்தக் காடு இருக்குற வரைக்கும் வருஷா வருஷம் இது முட்டை வெச்சிக்கினே இருக்கும்."

"கொளுத்தினா சுனை?"

"சுனைக்கு இன்னா? அது பாறைல இல்ல ஊறுது?"

"மரம் போனா மண்ணு போயிடும். மண்ணு போனா மழைத்தண்ணி நிக்காது. ஓடிடும். அப்பறம் பாறைல எது ஊறும்?"

"அது அடுத்த வருஷத்துக் கவல. இது இன்னிக்கிக் கவல."

அவர் சொன்னதிலும் பிசகு இல்லை. அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு அந்த மல்லாட்டைதான் வருஷச் சோறு.

அப்போது செஞ்சிப் பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி. முன்னால் சைக்கிளில் விவசாய ஆபீஸின் கிராமசேவக் தங்கராசு. என் வயதுதான். வேர்த்து விறுவிறுத்து இறங்கினார். வண்டியில் பூச்சிப்பொடி மூட்டைகள். அந்த வாடை எங்களுக்கு முன்னால் வந்து நின்றது.

"ஆபீஸ்ல இருந்ததெல்லாம் வாரிக்கிட்டு வந்துட்டேன் சார். காடு முழுக்கத் தூவிடலாம். நெருப்பு வேணாம்."

"வளந்த புழுவுக்கு இந்தப் பொடி கேக்குமா?" என்றேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "பாதி கேக்கும். சின்னதுல தூவியிருந்தா நல்லா கேட்டிருக்கும்."

"மழை வந்தா?"

எல்லோரும் ஒரே நேரத்தில் மேற்கே பார்த்தோம். ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் வானம் கறுத்திருந்தது. காட்டில் தூவுகிற பொடி முழுவதும் இரவுக்குள் சுனையில் இறங்கும். அதில்தான் மறுநாள் குடம் முக்குவார்கள். தங்கராசு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அப்ப இன்னாதான் செய்யச் சொல்றீங்க?" என்றார் பச்சமுத்து. "கொளுத்தக் கூடாது, தூவக் கூடாது. உக்காந்து தாலாட்டுப் பாடலாமா?"

சிரித்தார்கள். எனக்கு உடம்பு சூடாகியிருந்தது. வாய் திறந்தேன். வார்த்தைகள் ஏற்கெனவே அங்கே தயாராக இருந்தன.

"எங்கிருந்து எடுத்தேனோ அங்கயே கொண்டுபோய் விட்டுடறேன்."

"எங்க?"

"என் நிலத்துல. என் மல்லாட்டையில."

யாரும் சிரிக்கவில்லை.

"காட்டை உழ முடியாது," என்றேன். "அதனாலதான் அங்க கூடு கட்டினா நமக்குப் பிடிபடாது. என் நிலத்தை உழலாம். புழு அங்க தின்னட்டும், அங்கயே மண்ணுக்குள்ள எறங்கட்டும். கோடை உழவுல கூட்டுப்புழு எல்லாம் மேல வந்துடும். மைனாவும் கொக்கும் பாத்துக்கும். காட்டைத் தொட வேணாம். இந்தத் தடத்தோட நீளத்துக்கும் இப்ப ஒரு பள்ளம். புழு அதுல விழும். கூடையில அள்ளி மேற்கே கொண்டுபோறோம். என் நிலத்தைச் சுத்தி மூணு பக்கம் இன்னொரு பள்ளம். காட்டுப் பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும், தானா வர்றது வரட்டும்."

"பயிர் போயிடும்டா," என்றார் பச்சமுத்து. முதல் தடவையாக என்னை 'டா' என்றார்.

"போகட்டும் அண்ணே."

அவர் தன் ஆட்களைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். டின்னை வாங்கித் தடத்தோரம் இருந்த கல்மேல் வைத்தார்.

"சாயங்காலம் வரைக்கும். பொழுது எறங்கறதுக்குள்ள ஒரு புழு எங்க வரப்புல ஏறினாலும் இந்த டின்னு காட்டுக்குத்தான். அப்ப சுனை கினைன்னு பேசக் கூடாது."

"சரி."

"சரின்னா ஏன் நிக்கிற? ஏர் எங்க?"

அதற்குப் பிறகு யாரும் நிற்கவில்லை.

மண்வெட்டியால் மட்டும் தோண்டினால் முடியாது. ஹுசைன் பாய் தன் மாடுகளைப் பூட்டி ஓட்டி வந்தார். தடத்தோரமாக ஒரே சாலில் திரும்பத் திரும்ப ஏர் ஓடியது. மண் பிளந்தது. பின்னாலேயே நாங்கள் மண்வெட்டியோடு. பள்ளத்தின் காட்டுப் பக்கம் சரிவாக இருக்கலாம், பயிர்ப் பக்கம் சுவர் மாதிரி நிற்க வேண்டும். அந்தச் சுவரில் ராஜாம்பாளும் மற்றப் பெண்களும் சலித்த புழுதியைப் பூசிக்கொண்டே வந்தார்கள். ஏறும் புழுவின் கால் புழுதியில் பிடிக்காது. புழுதியோடு சரிந்து விழும்.

"எம் புருஷனும் இப்பிடித்தான்," என்றாள் ராஜாம்பாள். "சாராயம் குடிச்சிட்டு வாசப்படி ஏறும்போது."

"உன் வாசப்படியிலயும் புழுதி போட்டு வெச்சிருக்கியா?" என்றார் பாய் மாட்டை அதட்டிக்கொண்டே.

"அவருக்குப் புழுதியே வேணாம் பாய். நான் நிக்கிறதைப் பாத்தாலே வழுக்கிடும்."

முதல் புழு பள்ளத்தில் விழுந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியாது. ஊர் வேலியில் இலை மிச்சமிருந்த எருக்கையெல்லாம் வெட்டிப் பள்ளத்துக்குள் போட்டோம். பசித்த புழு இலையில் போய் மொய்த்தது. கிளையைத் தூக்கிக் கூடையில் ஓர் உதறு. அடுத்த கிளை. கூடை நிறைந்ததும் ஓட்டம். காட்டைச் சுற்றி என் நிலத்துக்கு. கொட்டிவிட்டுத் திரும்ப ஓட்டம். கைகளில் மயிர் ஏறித் தடித்து அரித்தது. வேப்பிலையை அரைத்துத் தேய்த்துக்கொண்டே ஓடினோம்.

காட்டின் நடுவே போனால் பாதி தூரம்தான். முதலில் நான் சுற்றித்தான் ஓடினேன். பிறகு ஒரு தடவை நேரமில்லை. நடுவே ஓடினேன். சுனை என் இடது கைப்பக்கம் வந்தது. தண்ணீரில் வானம் தெரிந்தது. இலை இல்லாததால் முன்னைவிட வெளிச்சம். நிற்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வழியாகவே ஓடினேன்.

பொழுது உச்சிக்கு ஏறுமுன் வடக்கு முனையில் ஒரே கத்தல்.

"நயினாரே! இங்க மண்ணே இல்ல!"

தடத்தின் குறுக்கே பாறை முதுகு ஒன்று கிடந்தது. பத்து மாடு படுக்கிற அகலம். ஏர் கிறீச்சிட்டு நின்றது. கடப்பாறை பொறி தெறித்தது. புழு அதைக் கண்டுபிடித்துவிட்டது போல அந்தப் பக்கமே திரும்பியது. பாறையின் மேல் சிவப்பாக ஏறி வந்தது. பாறைக்கு அப்பால் ஹுசைன் பாயின் வரப்பு.

அவர் வீட்டுக்காரம்மா மெஹர் பானு விளக்குமாற்றோடு ஓடி வந்தார். எதிரே ராஜாம்பாள். இரண்டு பக்கமும் நின்று பெருக்கினார்கள். பெருக்கிய புழு சுருண்டு உருண்டு, நிமிர்ந்து, மறுபடி வந்தது.

"எவ்ளோ நேரம் பெருக்கறது?" என்றார் மெஹர் பானு. "இது குப்பை இல்ல, குப்பைன்னா பெருக்கின எடத்துல கெடக்கும்."

தங்கராசு என் அருகில் வந்தார். குரலைத் தணித்தார். "சார், இந்தப் பாறையில மட்டும் ஒரு கோடு. பொடி. வேற வழியில்ல."

நான் பாறையைப் பார்த்தேன். "இதுல பெய்யற மழை எந்தப் பக்கம் போகும்?"

அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. குடிக்க வைத்திருந்த குடத்தை எடுத்தேன். பாறையின் உச்சியில் நின்று மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்தேன். எல்லோரும் வேலையை விட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு நாக்கு நீட்டிக் கிழக்கே இறங்கியது. சுனைக்கு எதிர்ப்பக்கம். ஹுசைன் பாயின் வரப்போரத்துக்கு.

"என் பக்கம்," என்றார் பாய்.

"ஆமாம் பாய்."

"அந்த மூலைல மல்லாட்டைய நான் புடுங்க மாட்டேன், அவ்ளோதானே? போடுங்கய்யா."

மூட்டையைத் தோளில் தூக்கி வந்து பாறையில் வைத்தது நான்தான். வாயைக் கட்டியிருந்த சணலை அவிழ்த்ததும் நான்தான். தூவியது தங்கராசு. நைனாவைப் போல நான் வேறு பக்கம் திரும்பவில்லை. பொடிக்கோட்டை எட்டிய முதல் வரிசை நின்றது. நெளிந்தது. சில விழுந்தன. சில சுற்றிப் பள்ளத்தின் பக்கம் போயின. தாண்டியவற்றை இரண்டு விளக்குமாறுகளும் பார்த்துக்கொண்டன. ஒரு மூட்டையிலேயே வேலை முடிந்தது. மிச்சத்தைத் தங்கராசு வண்டியோடு திருப்பி, தார்ப்பாய் போட்டு மூடி, ஊருக்குள் அனுப்பிவிட்டார்.

பிற்பகலில் காற்று எழுந்தது. பள்ளம் நெடுக இருந்தால் மழையில் வாய்க்காலாகி உடைந்துவிடும் என்று பச்சமுத்து அண்ணன்தான் சொன்னார். சொன்னவர் இறங்கிவிட்டார். சட்டையைக் கழற்றிக் கல்மேல், டின்னுக்குப் பக்கத்தில் போட்டார். பள்ளத்துக்குள் நாலு எட்டுக்கு ஒரு குறுக்கு வரப்பு. மண்ணை வெட்டி, மிதித்து, அடுத்தது. அவர் ஆட்களும் இறங்கினார்கள். ஒருவருக்கொருவர் வசைதான் பேச்சு.

"என்னாடா சந்தனம் பூசற? மண்ண வெட்டுடா!"

"உன்னாட்டம் எருமை மிதிச்சா மண்ணு தானா எறுகிடும் அண்ணே!"

என் நிலத்தில் ஒரு பக்கம் மஞ்சள் பூ இருந்தது. மறுபக்கம் இல்லை. அந்தக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. கூடையைக் கவிழ்க்கும்போதெல்லாம் பார்த்தேன். காட்டிலிருந்து தானாகவும் வரத் தொடங்கியிருந்தது. அதற்குள் மற்றவர்கள் வெட்டி முடித்த மூன்று பக்கப் பள்ளமும் தாங்கி நின்றது. எனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். பசிதான் வந்தது. பல மாதமாக எனக்குப் பசித்ததில்லை.

"நயினாரே, பொழுது சாயுது," என்று மெஹர் பானு கூப்பிட்டார். "சாப்டீங்களா?"

நாங்கள் பொழுது விழுந்த பின் சாப்பிடுவதில்லை. ஊருக்கே தெரியும். அவர் வீட்டுச் சமையல் எனக்கு ஆகாது என்றும் தெரியும். ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினார். "இது நான் சமைச்சது இல்ல. அல்லா சமைச்சது. சீக்கிரம் முழுங்குங்க."

பள்ளத்தின் கரையில் உட்கார்ந்து உரித்தேன். பாய் ராஜகிரியைப் பார்த்துக்கொண்டு அறிவிப்புக் கொடுத்தார். "இன்னும் ஒரு சாண் இருக்குது. சாப்டுங்க. அரைச் சாண். இன்னொண்ணு உரிங்க, உரிங்க. மேகம் மறைக்குது, அது கணக்கு இல்ல. ம், அவ்ளோதான், போயிடுச்சி. வாயில இருக்குறதத் துப்பிட வேணாம், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வாயில் பழத்தோடு சிரித்தேன். புரையேறியது. பாய் முதுகில் தட்டினார்.

வெளிச்சம் இருக்கும்போதே பச்சமுத்து அண்ணன் தன் வரப்பில் நடந்தார். குனிந்து, கால் அகட்டி, மெல்ல. எல்லோரும் எழுந்து நின்றோம். டின் கல்மேலேயே இருந்தது. காட்டில் ஒரு கவுதாரி கத்தி நின்றது. அண்ணன் பாதி வரப்பைக் கடந்தார். முக்கால் வரப்பு. கடைசி முனைக்கு இரண்டு எட்டு முன்னால் நின்றார்.

குனிந்தார். உட்கார்ந்தார்.

ஹுசைன் பாய் என் கையைப் பிடித்தார்.

அண்ணன் ஒரு மல்லாட்டை இலையைக் கிள்ளினார். அதை வரப்பில் வைத்துக் காத்திருந்தார். பிறகு இலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். இலையில் ஒரே ஒரு புழு. கொழுத்தது. சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

அண்ணன் டின்னைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார், அதில் தான் மிதித்த குறுக்கு வரப்புகளை. கடைசியாக மேற்கே, என் நிலத்தை. அங்கே இப்போது மஞ்சள் இல்லை.

ராஜாம்பாளின் கூடையில் இலையோடு போட்டார்.

"இந்தா. வழி தவறி வந்துட்டான். இவனையும் நயினாரு வூட்டுக்கே அனுப்பு."

ஊளையிட்டுக் கத்தினார்கள். தங்கராசு தொப்பியைத் தூக்கி எறிந்தார், அது பள்ளத்தில் விழுந்தது, எடுக்கத் தயங்கினார். அண்ணன் சட்டையை மாட்டி, டின்னைத் தூக்கிக் கொண்டார். "வூட்ல வெளக்குக்கு ஆவும்," என்றார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். "தம்பி, வெதைக்கு எங்கிட்ட இருக்குது. கோடை உழவுக்கு என் மாடும் வரும். இந்தக் காட்டோரத்துல அடுத்த ஆடிக்குள்ள பள்ளத்த ஆழமா வெட்டிடணும். ஊரே வெட்டும். நீ தனியா ஒண்ணும் கிழிக்க வேணாம்."

மழை விழுந்தது. பெரிய சொட்டு. யாரும் ஓடவில்லை. பள்ளத்தில் அறை அறையாகத் தண்ணீர் நின்றது. குறுக்கு வரப்புகள் தாங்கின. பாறையில் வெள்ளைக் கோடு கரைந்து, குடத்துத் தண்ணீர் போன வழியிலேயே கிழக்கே இறங்கியது. காட்டுக்குள் சுனையில் மழை விழும் சத்தம் தனியாகக் கேட்டது.

ராஜாம்பாள் கடைசிக் கூடையைத் தலையில் கவிழ்த்து மழைக்குப் பிடித்துக்கொண்டு என்னோடு நடந்தாள்.

"ஏன் நயினாரே, புழுவைத் திருப்பிக் கொண்டாந்து உட்ற வித்தை, இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தராங்களா?"

"இல்லம்மா. வீட்ல சொன்னாங்க."

அவள் கூடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

ராஜமதி பஞ்சமந்திரம் சொல்லிக்கொண்டே கண் மூடினாள் என்று என் மாமியார் மேல்சித்தாமூர் மடத்தில் எல்லோரிடமும் சொல்கிறார். நான் மறுத்ததில்லை. அப்படி நடக்கவில்லை. அன்று காலை, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கசக்கிறது என்றாள். சுனைக்குப் போய் ஒரு குடம் கொண்டுவந்தேன். வடிகட்டிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். துணியை அலச எங்கள் கிணற்றடிக்குப் போனேன். ராட்டினத்தின் சத்தம் கேட்டுக் கட்டிலிலிருந்து கூப்பிட்டாள். போனேன். சொன்னாள். அவள் சொன்னபடியே ஈரத்துணியோடு மறுபடி சுனைக்குப் போய்த் திரும்பினேன். நான் வந்தபோது கண் திறந்திருந்தது. பேச்சு போய்விட்டது. மத்தியானம் போய்விட்டாள். அந்த நேரத்தை அந்தத் துணி எடுத்துக்கொண்டது என்றுதான் இத்தனை மாதம் நினைத்திருந்தேன்.

அவள் சொன்னது இவ்வளவுதான்.

"அது சுனைத்தண்ணி. நம்ம கெணத்துல உதறிடாதீங்க. எங்கிருந்து எடுத்தீங்களோ அங்கயே கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."